பழைய காருக்கு எண்ணெய்ப் போத்தல்: விற்பவர் சொல்ல வேண்டியது என்ன?

"நாநா, பழைய எஞ்சினுக்கு பெற்றோலோட சேர்த்து ஊத்துற அந்தப் போத்தல் இருக்கா?"

பதுளையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எவருக்கும் இது புதிய கேள்வியல்ல. பசறையிலிருந்து, லுணுகலையிலிருந்து, மடுல்சீமையிலிருந்து, அந்தப் பக்கம் பண்டாரவளை, வெலிமடையிலிருந்து சாமான் வாங்க வருபவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத்தான் போவார். கேட்டவுடன் நாமும் எட்டி எடுத்து மேசையில் வைத்துவிடுகிறோம். காசை வாங்கிப் பெட்டியில் போடுகிறோம். அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது, அது அவருடைய எஞ்சினுக்குத் தேவைதானா என்று நம்மில் எத்தனை பேர் ஒரு வார்த்தை கேட்கிறோம்?

நானும் பல வருடங்களாகக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஊவாவில் பழைய வாகனங்கள் இவ்வளவு தங்கியிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. தேயிலைத் தோட்டங்கள் கம்பனிகளின் கையில் இருந்த காலத்தில் துரைமார் வைத்திருந்த ஒஸ்டின்களும் மொரிஸ்களும் லேண்ட் ரோவர்களும், 1972இலும் 1975இலும் காணிகள் அரசுடைமையானபோது உள்ளூர்க்காரர்களின் கைகளுக்கு மாறின. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால் இருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டும் பழக்கம் வேரூன்றியது. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில், கொட்டிலில் கிடந்த ஸ்ரீ இலக்கக் கார்களையும் தூசு தட்டி எடுத்து ஓட்டினார்கள். ஆகவே இவற்றைச் சிலரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் தோட்டத்துக் கிளாக்கருக்கும் சிறு வியாபாரிக்கும் இது வீட்டின் ஒரே வாகனம். அதன் எஞ்சின் கெட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

மாஸ்டரின் மொரிஸ் மைனர்

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டர் என்னுடைய நெடுநாள் வாடிக்கையாளர். அவரிடம் 948 சீ.சீ. எஞ்சின் பூட்டிய ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் கொழும்பிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர், பழைய கார் படம் போட்ட போத்தல் ஒன்றை என்னிடம் அறிமுகப்படுத்தினார். "ஈயம் இல்லாத பெற்றோலுக்கு இதுதான் மருந்து, வால்வு தேயாது" என்றார். பத்துப் போத்தல் எடுத்தால் இரண்டு இலவசம் என்றார். நான் இருபது எடுத்தேன். முதற் போத்தலை மாஸ்டருக்குத்தான் கொடுத்தேன். பிரதிநிதி சொன்னதை அப்படியே நானும் சொன்னேன்.

அவர் மாதம் ஒரு போத்தல் வாங்கினார். மூன்று வருடங்கள் விடாமல் வாங்கினார். இடையில் ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னார்: "நாநா, உங்க போத்தல் நல்லா வேலை செய்யுது. டெபட் சத்தம் கூட இப்ப கேக்கிறதில்ல." எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு நாள் பண்டாரவளைக்கு ஏறும்போது கார் இழுக்கவில்லை. தெமோதரைக்கு அப்பால் இரண்டாம் கியரிலும் திணறியது. மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகவே இல்லை. பாஸ் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களின் புகை வெளியேறும் வால்வுகளும் தம் இடத்தை விட்டு உள்ளே புதைந்து போயிருந்தன. ஒன்றின் விளிம்பு எரிந்து பிளந்திருந்தது. பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் கரி அப்பிக் கிடந்தது.

மாஸ்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "நீங்க சொன்னீங்கன்னுதான் நாநா ஊத்தினேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு போத்தலை எடுத்து அதன் லேபலை முதற் தடவையாக முழுவதும் வாசித்தேன். எண்ணெய் வகை என்பதைத் தவிர அதில் உருப்படியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதன் பின்னர்தான் விஷயம் தெரிந்த லேத் பாஸ்மாரிடம் கேட்டும் வாசித்தும் உண்மையை அறிந்துகொண்டேன்.

ஈயம் செய்த வேலை

1921இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், பெற்றோலில் ஓர் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் எஞ்சினில் 'நொக்' சத்தம் வராது என்று கண்டுபிடித்தார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. நொக்கைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் யாரும் எதிர்பாராத இன்னொரு வேலையையும் அது செய்தது. பெற்றோல் எரிந்த பின்னர் ஈயத்தின் உப்புகள் வால்வும் அது வந்து அமரும் வளையமும், அதாவது நம் பாஸ்மார் 'சீற்' என்று சொல்லும் பகுதியும், ஒன்றையொன்று தொடும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்தன. இரும்பும் இரும்பும் நேரடியாக மோதாமல் அந்தப் படலம் ஒரு மெத்தை போல நடுவில் நின்றது.

அந்த மெத்தை ஏன் தேவை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 1,500 தடவை திறந்து மூடும். ஒரு மணித்தியாலம் அப்படி ஓடினால் 90,000 தடவை. புகை வெளியேறும் வால்வோ நெருப்பு வாயிலில் நிற்கிறது. படலம் இல்லாவிட்டால், சூடேறிய வால்வு சீற்றில் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்பு இரும்போடு ஒட்டி, பிரியும்போது துகள் பிய்ந்து வரும். மென்மையான வார்ப்பிரும்பு ஹெட்டில் சீற் இவ்வாறு அரிபட்டு, வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதையும். மாஸ்டரின் காருக்கு நடந்தது இதுதான்.

அந்த மைனரில் இருப்பது 1951இல் ஒஸ்டின் ஏ30 காருடன் வந்த 'ஏ சீரிஸ்' வகை எஞ்சின். அதில் நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் புகை வெளியேற ஒரே வாயில்தான். ஆகவே அந்த இடம் அதிகம் சூடாகும். முதலில் நடுவில் உள்ளவை போனதற்குக் காரணம் அதுவே.

ஈயம் நஞ்சு. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. அதனால் உலகம் அதைக் கைவிட்டது. இந்தியா 2000 பெப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தியது. பிரித்தானியா 1999 முடிவோடு பொது விற்பனையை நிறுத்தியது. நமது நாட்டில் 2002இல் நின்றது. கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நல்ல காரியம், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கு அந்த மெத்தை இல்லாமற் போனது. முன்னர் படிந்திருந்த ஈயம் சில ஆயிரம் மைல்களுக்குத் தாக்குப் பிடிக்கும் என்பார்கள். 2002க்குப் பின் இத்தனை வருடங்கள் ஓடிய காரில் அது எங்கே மிஞ்சியிருக்கும்? அதிலும் ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்ட் செய்தால், மிஞ்சியிருந்த படலமும் அன்றே போய்விடும்.

எண்ணெய் ஏன் அதைச் செய்யாது?

இனி விஷயத்துக்கு வருவோம். நமது கடைகளில் பழைய காருக்கென்று விற்கப்படும் போத்தல்களில் பல, எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. சிலர் போத்தலும் வாங்குவதில்லை. முச்சக்கர வண்டிக்கு ஊற்றும் டூ-ரீ ஒயிலை அளந்து கார் டேங்கில் ஊற்றிக்கொள்கிறார்கள். 'எண்ணெய்ச் சத்து இருந்தால் எஞ்சின் தேயாது' என்பது அவர்களின் எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் டூ-ரீ ஒயில் எதற்காக வந்தது? இரு வீச்சு எஞ்சினில் கீழே ஒயில் தேங்கும் தட்டு கிடையாது. உள்ளே வரும் பெற்றோலோடு எண்ணெயும் சேர்ந்து வந்தால்தான் கிராங்கும் பிஸ்டனும் நனையும். அதனால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் போன்ற ஓர் அளவில் கலந்தார்கள். அந்த வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது. மொரிஸ் மைனருக்கோ ஒஸ்டினுக்கோ கீழே தனி ஒயில் இருக்கிறது; அதைச் சுற்றியனுப்பப் பம்பும் இருக்கிறது. பெற்றோலோடு போகும் எண்ணெய் புகை வால்வை அடையுமுன் நெருப்பில் எரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈயம் காப்பாற்றியது, எரிந்த பின்னும் மிஞ்சி நின்ற உப்பினால். டூ-ரீ ஒயிலோ, எரிந்த பின் சாம்பல் இயன்றவரை மிஞ்சக் கூடாது என்றே தயாரிக்கப்படுவது. மிஞ்சாத பொருள் எப்படி மெத்தையாகும்? மிஞ்சுவது கரி மட்டுமே. அது பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிகிறது. எண்ணெய் கலந்த பெற்றோலின் ஒக்டேனும் சற்றுக் குறைகிறது.

அப்படியானால் ஒரு பயனும் இல்லையா? நியாயமாகச் சொல்வதானால், உள்ளிழுக்கும் வால்வின் தண்டுக்குச் சிறிது வழுவழுப்புக் கிடைக்கலாம். 1930களிலும் 1950களிலும் சீமையில் இத்தகைய மேற்சிலிண்டர் எண்ணெய்கள் விற்கப்பட்டதற்கு அன்றைய எஞ்சின் ஒயில்களின் தரக்குறைவும் ஒரு காரணம். இன்று நல்ல ஒயில் ஊற்றி உரிய காலத்தில் மாற்றினால் அந்தத் தேவையும் பெரிதாக இல்லை. வால்வு சீற்றைக் காப்பது என்பது மாத்திரம் எண்ணெயால் ஆகாத காரியம்.

மாஸ்டருக்கு டெபட் சத்தம் குறைந்தது எப்படி என்று கேட்பீர்கள். அந்தப் பதில்தான் என்னை அதிகம் வருத்தியது. சீற் அரிபட்டு வால்வு உள்ளே புதையும்போது டெபட்டின் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் சத்தமும் குறையும். பிறகு இடைவெளியே இல்லாமற் போய் வால்வு முழுமையாக மூடாது. நெருப்பு அந்த இடுக்கால் பாய்ந்து விளிம்பை எரிக்கும். மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் இருவரும் மகிழ்ந்தது, நோய் முற்றிக்கொண்டிருந்ததன் அடையாளத்தைப் பார்த்து.

மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் அப்போதும் 87 ரூபாதான். அவ்வருடம் ஆகஸ்டில்தான் அது 340 ரூபாவாகியது. அந்த இடைவெளியில் கிடைத்த மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. 'அதுவும் எண்ணெய்தானே, எஞ்சினுக்கு நல்லது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் ஒக்டேனை வெகுவாகக் குறைத்து நொக் கொடுக்கும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் தண்ணீராக்கும். பழைய எஞ்சினுக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

எந்தக் காருக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை?

போத்தல் கேட்டு வருபவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை என்பதும் நாம் சொல்ல வேண்டிய உண்மை.

அலுமினிய ஹெட் உள்ள எஞ்சின்களில் வால்வு நேரடியாக அலுமினியத்தில் அமர முடியாது. ஆகவே தொழிற்சாலையிலேயே வேறு உலோக வளையம் பதித்திருப்பார்கள். வொக்ஸ்வேகன் பீட்டில், பியூஜோ 203, 404 ஆகியவை அப்படிப்பட்டவை. ஒரு சிறு காந்தத்தை ஹெட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இந்தச் சோதனைக்கு ஐந்து சதமும் செலவில்லை.

ஜப்பான் 1975இலேயே சாதாரண பெற்றோலில் ஈயத்தை நிறுத்திவிட்டது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு இங்கே வந்து குவிந்த ஜப்பானியக் கார்கள் பொதுவாக ஈயமில்லாப் பெற்றோலுக்கென்றே கட்டப்பட்டவை. சனிக்கும் கொரோலாவுக்கும் போத்தல் விற்பது, காய்ச்சல் இல்லாதவருக்குக் குளிசை விற்பது போன்றது.

மிஞ்சுவது வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய பிரித்தானியக் கார்கள்: மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் போன்றவை. இவற்றிலும் எல்லாமே உடனே கெட்டுவிடாது. டவுனுக்குள் மெதுவாக ஓடும் கார் பல வருடங்கள் தாங்கும். வேகமும் பாரமும் சூடும் சேரும்போதுதான் சீற் அரிபடும். நமது ஊரின் பிரச்சினை அங்கேதான். பதுளை சுமார் 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஹப்புத்தளை 1,400ஐத் தாண்டியது. சின்னக் கியரில், எஞ்சின் உறுமிக்கொண்டு, குடும்பத்தையும் சாமான்களையும் சுமந்து ஏறும் கார் சமதரையில் ஓடும் கார் அல்ல.

அதற்கு என்ன செய்வது?

முதலில், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 'ஏ சீரிஸ்' எஞ்சினுக்கு டெபட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, பாஸ்மார் சொல்வது போல '12 தௌ'. அதைச் சரியாக வைத்துவிட்டு ஆயிரம் மைல் ஓடியபின் மறுபடி அளந்தால் போதும். புகை வால்வுகளின் இடைவெளி தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் சீற் அரிபடுகிறது. குறையாவிட்டால் காரை நிம்மதியாக ஓட்டலாம். எந்தப் போத்தலும் வேண்டாம். ஒரு ஃபீலர் கேஜ் பத்துப் போத்தல் சொல்லாத உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது, நிரந்தரத் தீர்வு. ஹெட்டை இறக்கி, புகை வால்வுகளின் இடத்தைக் கடைந்து, கடின உலோக சீற் வளையங்களை இறுக்கிப் பதிப்பது. நான்கு சிலிண்டர் காருக்கு நான்கு வளையம். உள்ளிழுக்கும் வால்வு குளிர்ந்த பெற்றோல் காற்றில் இருப்பதால் அதற்குப் பொதுவாகத் தேவையில்லை. அத்துடன் நல்ல தரமான புகை வால்வுகளையும் போட்டுவிட்டால் அந்தக் கார் இனி ஈயத்தை நினைக்கவே தேவையில்லை. கைதேர்ந்த லேத் பாஸிடம் கொடுக்க வேண்டும். அளவு தவறிக் கடைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வழி உடைந்துவிடும்.

செலவு அதிகம் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு போத்தல் 1,500 ரூபா என்று வைத்தால் மாதம் ஒன்றுக்கு வருடத்தில் 18,000. மூன்று வருடத்தில் 54,000. இவ்வளவையும் கொடுத்த பின்னரும் ஹெட்டை இறக்கத்தான் வேண்டியிருந்தது. முதலிலேயே இறக்கியிருந்தால் போத்தல் காசு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, இப்போதைக்கு ஹெட்டை இறக்க வசதியில்லாதவர் உண்மையான ஈய மாற்றைத் தேடலாம். அப்படி ஒரு பொருள் இருக்கிறது. பொட்டாசியம், சோடியம், பொஸ்பரஸ், மங்கனீஸ் போன்றவற்றில் ஒன்றைக் கொண்டவை அவை. எரிந்த பின்னும் சீற்றில் ஒரு படலம் மிஞ்சும் என்பதே அவற்றின் அடிப்படை. பிரித்தானியாவின் பழைய வாகனக் கழகங்களின் கூட்டமைப்பு, அங்கே ஈயப் பெற்றோல் நிற்கவிருந்த காலத்தில், இத்தகைய பொருட்களை எஞ்சினில் ஓட்டிச் சோதித்து, தேறியவற்றுக்கு மட்டும் சான்று கொடுத்தது. அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் மாஸ்டரின் காரில் உள்ள அதே 'ஏ சீரிஸ்' எஞ்சின் வகையைத்தான். ஒன்றைத் தெரிந்தெடுத்தால் அதையே தொடர்ந்து பாவிக்க வேண்டும். ஒரு வகையோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது. லேபலில் எந்த உப்பு என்று எழுதியிருக்காவிட்டால் அது ஈய மாற்று என்று நம்பி வாங்க வேண்டாம்.

நமது கையில் இருப்பது

வியாபார நண்பர்களே, இதில் எஞ்சினை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளருக்கு வால்வு பற்றித் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நம்மை. நம் வாயிலிருந்து வருவதை நம்பித்தான் அவர் டேங்கைத் திறக்கிறார். தானியக் குவியலின் மேலே காய்ந்ததையும் அடியிலே நனைந்ததையும் வைத்து விற்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். லேபலை வாசிக்காமல் புகழ்ந்து விற்பதும் அந்த நனைந்த தானியத்தின் இன்னொரு வகைதான்.

"வாடிக்கையாளரே கேட்கிறார், நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்" என்று சொல்வோர் உண்டு. நானும் அதைச் சொன்னவன்தான். வாங்கட்டும். கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'இது வால்வைக் காக்காது, முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள்' என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதன் பின்னரும் வாங்கினால் அது அவர் விருப்பம். பலர் வாங்காமல் போவார்கள் என்பது உண்மை. ஆனால் ஹெட் இறக்கும் நாளில் கேஸ்கெட்டுக்கும் வால்வுக்கும் சீற் வளையத்துக்கும் ஒயிலுக்கும் அவர் தேடி வருவது, உண்மை சொன்ன கடைக்குத்தான்.

கராஜ்களுக்குக் கமிஷன் கொடுத்துப் போத்தல் எழுதிவாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தேவையான சாமானுக்குக் கொடுப்பது வேறு. தேவையற்ற சாமானை எழுதச் சொல்லிக் கொடுப்பது வேறு. அந்தக் காசு இறுதியில் மாஸ்டர் போன்றவர்களின் பென்ஷனிலிருந்துதான் வருகிறது.

சட்டமும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடைசெய்கிறது. 'கம்பனிக்காரர் சொன்னதைத்தான் நான் சொன்னேன்' என்பது மாஸ்டரிடம் எடுபடாதது போல, அங்கேயும் எடுபடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஆகவே நான் என் கடையில் வைத்துக்கொண்ட ஒழுங்கைச் சொல்கிறேன். விரும்பியவர் பின்பற்றலாம்.

1. பெற்றோலில் ஊற்றும் எந்தப் போத்தலையும் லேபலை முழுவதும் வாசிக்காமல் கடைக்குள் எடுப்பதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று பிரதிநிதி எழுத்தில் தராவிட்டால் கொள்வனவு இல்லை, பத்துக்கு இரண்டு இலவசமானாலும் சரி.

2. போத்தல் கேட்பவரிடம் மூன்று கேள்விகள்: என்ன கார், எந்த வருடம், ஹெட் இரும்பா அலுமினியமா? பதில் தெரியாவிட்டால் மேசையில் இருக்கும் காந்தத்தைக் கொடுத்தனுப்புகிறேன். இதுவரை எல்லோரும் திருப்பிக் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள்.

3. டூ-ரீ ஒயில் இரு வீச்சு எஞ்சினுக்கு மட்டும். காருக்கு என்று கேட்டால் காரணத்தைச் சொல்லி மறுக்கிறேன்.

4. எண்ணெய்ப் போத்தல்கள் முன் தட்டில் இல்லை. அந்த இடத்தில் ஃபீலர் கேஜ் தொங்குகிறது.

மாஸ்டரின் ஹெட் நான்கு வளையங்களும் பதித்து மீண்டும் பூட்டப்பட்டது. சாமான்களை வாங்கிய விலைக்கே கொடுத்தேன். லேத் கூலியில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "இது தர்மம் இல்ல மாஸ்டர், என் வாய்க்கு வந்த பில்" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

கார் இப்போது பண்டாரவளைக்கு ஏறுகிறது. டெபட் சத்தமும் மெல்லியதாகக் கேட்கிறது. கேட்க வேண்டிய சத்தம் அது. போன மாதம் கடைக்கு வந்தவர், என் அலுமாரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "என்ன நாநா, போத்தல் எல்லாம் காணோம்?" என்று கேட்டார். "கேட்டு வாங்குறவங்களுக்கு உள்ளே இருக்கு மாஸ்டர்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு கலன் எஞ்சின் ஒயில் வாங்கிக்கொண்டு போனார்.

பெற்றோலில் எதைக் கலப்பது என்பதை எஞ்சின் தீர்மானிக்கட்டும். விற்கும் சொல்லில் பொய் கலக்காமல் இருப்பதை நாம் தீர்மானிப்போம்.